‘ட்ரை பண்ணலாம் மக்கா’

போன மாதம் ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டு மோட்டார் நின்றுபோனது. கிணறு நிறையத் தண்ணீர் கிடக்கிறது; குழாயில் சொட்டு இல்லை. எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்து, சாயங்காலத்துக்குள் வந்துவிடுவாயா என்று கேட்டேன்.

“ட்ரை பண்ணுதேன் அக்கா” என்றான்.

போனை வைத்த கையோடு இன்னொரு எலக்ட்ரீஷியனுக்கு அடித்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குச் சொந்த ஊர் திருச்சிப் பக்கம். என்னைக் கட்டிக்கொண்டு குன்னத்துகாலுக்குக் குடிவந்து தலை நரைத்துவிட்டது. எங்கள் பேச்சு மட்டும் இன்னும் பாதிதான் பிடிபட்டிருக்கிறது. “முதல் ஆள்தான் வர்றேன்னுட்டானே, அப்புறம் எதுக்கு இன்னொருத்தன்?” என்றார்.

எங்கே வருகிறேன் என்றான்? ட்ரை பண்ணுகிறேன் என்றல்லவா சொன்னான்! அதற்கு எங்கள் ஊர் அகராதியில் ஒரே அர்த்தம்தான். வரமாட்டான்.

எத்தனை வேலை வாங்குகிறோம் இந்தச் சின்ன இங்கிலீஷ் சொல்லிடம்! பாறசாலை ஜவுளிக்கடையில் சுடிதாரை ட்ரை பண்ணிப் பார்க்கலாம். ஹோட்டலில் புதிதாகப் போட்டிருக்கும் மீன் கறியை ட்ரை பண்ணலாம். லைன் கிடைக்காத நம்பரைத் திரும்பத் திரும்ப ட்ரை பண்ணலாம். டிகிரி முடித்த பையன் என்ன செய்கிறான்? பி.எஸ்.சி. பரீட்சை ட்ரை பண்ணுகிறான். அவனுடைய அண்ணன்? கல்ஃபுக்கு ட்ரை பண்ணுகிறான். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடியிடம் பந்தியில் பக்கத்து இலைக்காரர் குனிந்து, “என்ன, ட்ரை பண்ணுதியளா?” என்று கேட்பார் — எதைப் பற்றி என்று நான் விளக்கப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து “ட்ரை பண்றோம்” என்றால், வராந்தாவில் நிற்கிற சொந்தக்காரர்களில் விவரம் தெரிந்தவர் கைக்குட்டையை எடுத்துவிடுவார்.

ஆனால் எங்கள் பக்கத்தில் இந்தச் சொல் அதிகமாக உழைப்பது வேறு இடத்தில். ‘முடியாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில்.

‘முடியாது’ எங்களுக்கு ரொம்பக் கடுமையான சொல். எல்லாருமே ஏதாவது ஒரு வகையில் சொந்தம். ஒரே சர்ச் சபை, ஒரே கடை, ஒரே பஸ் ஸ்டாப். இன்றைக்கு முடியாது என்று சொல்லிவிட்டு நாளைக்குக் காலையில் அதே முகத்தை எப்படிப் பார்ப்பது? மலையாளத்தில் ‘நோக்காம்’ என்போம். தமிழில் ‘பாப்பம்’ என்போம். இந்த இரண்டும் தேய்ந்துபோன பிறகு ‘ட்ரை’ வந்தது. கேட்கிறவருக்கும் புரிந்துவிடும், சொல்கிறவருக்கும் சங்கடமில்லை, சண்டையும் இல்லை. நல்ல ஏற்பாடுதான் — யாருக்கும் அவசரம் இல்லாத வரைக்கும்.

ஸ்டான்லிக்கு அவசரம் இருந்தது.

ஸ்டான்லி எங்கள் ஒடுங்கிய இடவழியில் கடைசி வீடு. என் சித்தப்பா மகன். கூரைக்கு ஷீட் போடுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு கோழிப்பண்ணைக்கு ஷீட் போடும்போது மேலேயிருந்து விழுந்தான். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அவன் மனைவி சுஜா பாறசாலையில் ஒரு தையல் யூனிட்டுக்குப் போகிறாள். வீட்டில் சும்மா கிடக்க ஸ்டான்லிக்கு இஷ்டமில்லை. போன் ரிப்பேர் கற்றுக்கொண்டான். வீடியோ பார்த்து, பழைய போன்களைப் பிரித்துப் பிரித்து... முதலில் என் போனைத்தான் பிரித்தான். அது பிறகு சேரவேயில்லை, அதை விடுங்கள். இப்போது நன்றாகவே கைவந்துவிட்டது.

கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து அவனுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த வண்டி. எல்லாமே கையால் ஓட்டலாம். ஜங்ஷனில் கடை போட வாடகைக்கு ஒரு கடைமுறியும் கிடைத்தது. முறிக்குச் சொந்தக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் அவரும் எத்தனை நாள் பூட்டி வைத்திருப்பார்? அந்த மாதம் முடிவதற்குள் திறக்கவில்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

வண்டி இருக்கிறது. கடை இருக்கிறது. கை இருக்கிறது. என்ன இல்லை? வழி இல்லை.

எங்கள் அப்பா தலைமுறையில் பாகம் பிரித்தபோது நடந்த கூத்து இது. தார் ரோட்டிலிருந்து தோடு — ஓடையைத்தான் அப்படிச் சொல்வோம் — வரைக்கும் சரிந்து இறங்குகிற ஒரே விளை, ஒரே தோப்பு. அண்ணன் தம்பிமார் எல்லாருக்கும் தென்னை சமமாக வர வேண்டும், பலா சமமாக வர வேண்டும், கிணற்றில் எல்லாருக்கும் உரிமை வேண்டும் என்று கயிறு பிடித்து அளந்து அளந்து பிரித்தார்கள். பாதைக்கு ஒருவரும் பாகம் வைக்கவில்லை. தலையில் சுமையோடு ஓர் ஆள் நடந்தால் போதும் என்று ஓர் இடவழியை மட்டும் விட்டுவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டுக் கலைந்து போனார்கள். ஒரு மரத்தைக் கூட விட்டுக்கொடுக்காதவர்கள், வழியை மறந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் இந்தத் தவறைச் செய்யாத குடும்பம் அபூர்வம்.

ஸ்டான்லி விழுந்த பிறகு அவனை வெளியே கொண்டுபோவதென்றால், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி வர வேண்டும். நெய்யாற்றின்கரைக்கு பிசியோதெரபிக்குப் போகிற நாளெல்லாம் இதுதான். ஒரு மழை நாளில் தூக்கி வந்தவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. நாற்காலி சரிந்தது. ஒரு பக்கம் தோடு, நல்ல ஆழம். ஸ்டான்லி கையை நீட்டி, வழிக்கு மேல் நீண்டிருந்த பலாமரக் கிளையைப் பிடித்துக்கொண்டான். மற்றவர்கள் வந்து அவனை எடுக்கும் வரைக்கும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தான். “இனி நாலு பேரு தூக்குத நாற்காலியில நான் ஏற மாட்டேன் அக்கா. எனக்க வண்டியிலதான் வெளிய போவேன். இல்லேண்ணா போகல்ல.”

சொன்னபடியே இருந்தான். பிசியோதெரபி நின்றது. சபைக்கு வருவது நின்றது. சுஜா அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். அவன் அசையவில்லை. வண்டி ஜங்ஷனில் டீக்கடைச் சாய்ப்பில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. சுஜா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தார்ப்பாயைத் தூக்கித் துடைத்துவிட்டு வருவாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்டான்லி மேல் இல்லை. எங்கள் எல்லார் மேலும். இடவழியில் இருக்கிற ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். நான் என் செம்பருத்தி வேலியைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டேன். எதிர்வீட்டார் தங்கள் கல்கட்டுச் சுவரை இடித்தார்கள். ஒரு சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து வழியிலிருந்த படிகளை உடைத்து, சிமெண்ட் போட்டுச் சரிவாக்கினோம். அன்றைக்கு மரவள்ளிக்கிழங்கும் மீன் கறியும் பொங்கிப் போட்டது என் வீட்டுக்காரர் — அதையும் எழுதச் சொல்லியிருக்கிறார், எழுதிவிட்டேன்.

இவ்வளவும் ஆன பிறகு ஒரே ஓர் இடம் பாக்கி. இடவழியின் நடுவில் ஒரு வளைவு. ஒரு பக்கம் தோடு. மறுபக்கம் மதிலும், மதிலோடு சேர்ந்து வழிக்குள் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிற அந்தப் பலாமரமும். ஸ்டான்லி தொங்கிய அதே மரம். அது இருக்கிற வரைக்கும் மூன்று சக்கர வண்டி திரும்பாது.

மரம் யாருடையது? என் சொந்த அண்ணனுடையது.

தாசண்ணனை நீங்கள் கெட்டவர் என்று நினைக்கக் கூடாது. சிமெண்ட் கல் அறுக்கிற சின்ன கம்பெனி நடத்துகிறார். சபைக் கமிட்டியில் இருக்கிறார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பந்தல் போடுவதற்கு முதலில் வந்து நிற்பது அவர்தான். ஆனால் அந்த மரம்... அது வருக்கப் பலா. சுளை ஒவ்வொன்றும் விரல் நீளம், தேன்நிறம். வருஷா வருஷம், விளைந்ததைப் படைத்து ஏலம் விடுகிற எங்கள் சபை அறுப்புப் பண்டிகை சக்கைக் காலத்தில்தான் வரும் — பலாப்பழத்துக்கு எங்கள் பேர் சக்கை. அந்த மரத்தில் முதலில் விளைகிற சக்கையை அண்ணன் படைப்பார். ஏலத்தில் அதற்குத்தான் எப்போதும் போட்டி. “தாசனுக்க சக்கை வந்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் பலர் சபைக்குள்ளேயே நுழைவார்கள். மனிதருக்கு அதில் ஒரு பெருமை. எனக்குப் புரிகிறது.

அண்ணனிடம் நான் போய்க் கேட்டேன். “ட்ரை பண்ணலாம் மக்கா” என்றார். அடுத்த வாரம் கேட்டேன். மழை கழியட்டு, ட்ரை பண்ணலாம். பிறகு கேட்டேன். சக்கை இறங்கட்டு, ட்ரை பண்ணலாம். மரத்தை வேரோடு எடுத்து வேறு இடத்தில் நடுவதற்கு ட்ரை பண்ணலாம் என்று ஒரு தடவை சொன்னார் — இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கைக்கு எட்டாத மரம்! பஞ்சாயத்து மெம்பரிடம் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, “நமுக்கு ட்ரை செய்யாம் சேச்சி” என்றார். மலையாளத்திலும் அர்த்தம் மாறுவதில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அண்ணனுக்கு அந்த வளைவு தெரியாது என்பதுதான் விஷயம். அவர் வீட்டு வாசல் மேலே தார் ரோட்டில். கார் நேராக முற்றத்தில் போய் நிற்கும். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் அவர் அந்த மரத்தைப் பார்ப்பார். இடவழியில் இறங்கி நடந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். மனது இல்லாமல் இல்லை. கால் அந்தப் பக்கம் வந்ததில்லை.

அறுப்புப் பண்டிகைக்கு முந்தின நாள் ஸ்டான்லி எனக்குப் போன் செய்தான்.

“அக்கா, நாளைக்கு ஏலத்தில தாசண்ணனுக்க சக்கைய எனக்காக விளிக்கணும்.”

உனக்குச் சக்கை வேண்டுமென்றால் என் வீட்டு மரத்திலிருந்து ஒன்று அறுத்துத் தருகிறேனே, எதற்கு ஏலம் என்று கேட்டேன்.

“சக்க வேண்டாம் அக்கா. அண்ணன் கொண்டு தரணும்.”

அவன் கணக்கு எனக்குப் பிடிபட்டது. பிறகு சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு, சொல்லாமல் இருப்பானேன், கண்ணும் நிறைந்தது.

உங்களுக்கு எங்கள் சபை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மற்ற சபைகளில் ஏலம் எடுத்தவர் பொருளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். எங்கள் சபையில் அப்படியில்லை. படைத்தவரே அதை, ஏலம் எடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அதுவும் தன் கையால். வாழைக்குலை என்றாலும் சரி, கோழி என்றாலும் சரி, சக்கை என்றாலும் சரி. வீடு வரைக்கும் காரில் போகலாம். வண்டி போகாத இடத்தில் சுமந்துதான் போக வேண்டும். ஏன் இப்படி ஒரு வழக்கம்? கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் யாரும் அதை மீறியதில்லை. அண்ணன் கமிட்டிக்காரர் வேறு. மீறுவாரா?

இதுவரைக்கும் அண்ணனுடைய சக்கையை எடுத்தவர்களெல்லாம் ரோட்டோரம் பெரிய வீடு கட்டியிருக்கிற கல்ஃப்காரர்கள். அண்ணன் டிக்கியைத் திறப்பார், இறக்குவார், காபி குடித்துவிட்டு வருவார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தது. ஏலம் தொடங்கியது. முட்டை, முருங்கைக்காய், நேந்திரன் குலை எல்லாம் போன பிறகு அண்ணனுடைய சக்கையை மேசையில் தூக்கி வைத்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர் எடுத்த எடுப்பிலேயே பெரிய தொகையாகக் கூப்பிட்டார்.

நான் எழுந்து நின்றேன். எங்கள் சபையில் பெண்கள் எழுந்து ஏலம் கூப்பிடுவது அபூர்வம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னதற்கு மேல் ஒன்று சொல்லிவிட்டு, “ஸ்டான்லிக்காக்கும்” என்றேன்.

துபாய்க்காரர் மறுபடி வாயைத் திறந்தார். அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அந்த அம்மாள் நன்றாக இருக்கட்டும். அதற்கு மேல் ஒருவரும் கூப்பிடவில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

கார் தார் ரோட்டில் இடவழித் தலைப்பில் நின்றது. அண்ணன் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கூட வந்த ஒருவர் சக்கையைத் தூக்கி அவர் தோளில் வைத்துவிட்டார். நான் பின்னால் நடந்தேன். உதவிக்குக் கை கொடுக்கட்டுமா என்று கேட்கலாமென்று நினைத்தேன். கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை.

கொஞ்ச தூரம் நன்றாகவே நடந்தார். என் செம்பருத்தி உள்ளே தள்ளிப் போயிருப்பதைப் பார்த்தார். படிகள் இருந்த இடத்தில் சிமெண்ட் சரிவைப் பார்த்தார். பிறகு வளைவு வந்தது.

தோளில் சக்கையோடு அங்கே திரும்ப முடியவில்லை. சக்கை மரத்தில் இடித்தது. ஓர் அடி பின்னால் வந்து மறுபடி திரும்பினார். மறுபடி இடித்தது. சக்கையைத் தோளிலிருந்து இறக்கி, வயிற்றோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாகக் கால் வைத்தார். தோட்டுப் பக்கம் கொஞ்சம் மண் சரிந்து கீழே தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். முதுகு தன்னுடைய மரத்தில், முன்னால் தன்னுடைய சக்கை, கீழே தோடு. அவருக்கு மூச்சு வாங்கியது. காம்பிலிருந்து வடிந்த பால் வெள்ளைச் சட்டையில் கோடாக இறங்கியது.

“இஞ்ச வச்சா அவன் விழப் பாத்தது?” என்று கேட்டார். திரும்பாமலேயே கேட்டார்.

இங்கேதான் என்றேன்.

மெதுவாக, அங்குலம் அங்குலமாக வளைவைக் கடந்தார். ஸ்டான்லி வீட்டு முற்றத்துக்குப் போய்ச் சக்கையை இறக்கி வைத்தபோது முதுகில் மரப்பட்டையின் பாசி அப்படியே ஒட்டியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. அதே சமயம் என் தீர்மானத்தில் ஓர் இம்மி குறையவில்லை.

ஸ்டான்லி, வீட்டுக்குள் ஓட்டுகிற சக்கர நாற்காலியில் வாசலுக்கு வந்தான். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. சுஜா தண்ணீர் கொண்டுவந்தாள். ஸ்டான்லியே கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, மடியில் சாக்கை விரித்துச் சக்கையைப் பிளந்தான். முதல் சுளையை அண்ணனிடம் நீட்டினான். அண்ணன் வாங்கி வாயில் போட்டார். நாங்கள் எல்லாரும் தின்றோம். சக்கையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் கஷ்டமே.

தின்று முடித்துக் கை கழுவியதும் அண்ணன் கிளம்புவதற்கு எழுந்தார். “செரி ஸ்டான்லி... அந்த வளைவுக்க காரியம்... ஏதாவது ட்ரை பண்ணலாம்” என்றார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அண்ணனை எதிர்த்து நான் பேசியதேயில்லை. அன்றைக்குப் பேசினேன்.

“அண்ணே, அந்தச் சொல்லு மட்டும் வேண்டாம். முடியும்ணா முடியும்ணு சொல்லு. முடியாதுண்ணா முடியாதுண்ணு சொல்லு. அதுக்காக நான் உனக்கக் கூட பிணங்க மாட்டேன். அவன் கடைய வேற ஆளுக்குக் குடுத்திடச் சொல்லுவான். அவ்வளவுதானே? ஆனா ஒரு பதிலு அவனுக்கு வேணும்.”

சுஜா உள்ளே போய்விட்டாள். ஸ்டான்லி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அண்ணன் செருப்பை மாட்டப் போன காலைத் திரும்ப எடுத்தார்.

“முடியாது” என்றார்.

கேட்டது நான்தானே!

“எனக்கு முடியாது பிள்ளே. அதில கத்தி வைக்கியத என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது.” சட்டையிலிருந்த பால் கறையைத் தேய்த்தார், அது போகவில்லை. “நான் நாளைக்கு பூவாருக்கு மகளுக்க வீட்டுக்குப் போறேன். ரெண்டு மூணு நாளு அங்க நிப்பேன். நான் திரும்பி வரும்ப அது அங்க இருக்கக் கூடாது.”

ஸ்டான்லி ஏதோ சொல்ல வந்தான். அண்ணன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு வந்த வழியே நடந்தார். வளைவில் ஒரு நிமிஷம் நின்றார் என்று நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை. அது அவருக்கும் அந்த மரத்துக்கும் இடையில் உள்ளது.

திங்கட்கிழமை அண்ணனுடைய கார் பூவாருக்குப் புறப்பட்டுப் போன சத்தம் கேட்ட பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். இயந்திர ரம்பம் உறுமத் தொடங்கியபோது எனக்கும் வீட்டுக்குள் போய்விடலாமென்று இருந்தது. நானும் அந்த மரத்துச் சுளையைத் தின்று வளர்ந்தவள்தானே? ஆனாலும் கடைசிவரைக்கும் அங்கேயே நின்றேன். அண்ணன் நிற்க முடியாத இடத்தில் யாராவது நிற்க வேண்டும் அல்லவா! மரம் விழுந்தது. மதிலை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். மறுநாள் சாயங்காலம் வளைவில் வானம் தெரிந்தது. வெளிச்சம் விழுந்த பிறகு அந்த இடத்தைப் பார்த்தால் அடையாளமே தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் டீக்கடைச் சாய்ப்பிலிருந்து தார்ப்பாயை உருவினார்கள். வண்டியை ஸ்டான்லி வீட்டு முற்றம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஸ்டான்லி நாற்காலியிலிருந்து வண்டிக்கு மாறி உட்கார்ந்தான். யாரும் தூக்கவில்லை, கம்பியைப் பிடித்துத் தானே மாறினான். வழியில் எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள். வளைவில் திரும்பும்போது மட்டும் வேகத்தைக் குறைத்தான். சுஜா பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தாள், சத்தமில்லாமல் அழுதுகொண்டே. நான் சத்தமாகவே அழுதேன். நான் எதற்கு மறைக்க வேண்டும்?

அண்ணன் பூவாரிலிருந்து திரும்பி வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மரத்தைப் பார்த்திருந்த பின்பக்க ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறார் என்று அண்ணி சொன்னாள். நான் கொண்டுபோய்க் கொடுத்த கூட்டுக்கறியை வாங்கிச் சாப்பிட்டார். பேச்சு மட்டும் குறைவு.

போன திங்கட்கிழமை நான் ஸ்டான்லி கடையில் இருந்தபோது அண்ணன் வந்தார். கடை திறந்த பிறகு முதல் முறையாக வருகிறார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். தண்ணீரில் விழுந்துவிட்டதாம், இரண்டு நாளாகச் செத்துக் கிடக்கிறதாம்.

“செரியாவுமா மக்கா?” என்று கேட்டார்.

ஸ்டான்லி அதைப் பிரித்தான். ஒரு சின்ன பிரஷ்ஷால் உள்ளே தடவினான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன் — இவனும் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவானோ?

“ஆவும் அண்ணே.”

“நாளைக்குக் கிட்டுமா?”

“நாளைக்கு முடியாது. ஒரு சாமானம் வரணும். வியாழக்கிழமை ராவில தாறேன்.”

அண்ணன் அவன் முகத்தையே பார்த்தார். கமிட்டிக்காரர், நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவர். அவர் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று இந்த ஊரில் யார் சொல்லியிருக்கிறார்கள்? அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். மரம் போன பிறகு அவர் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. “பாத்தியா பிள்ளே, நேரா மூஞ்சிக்க முன்னால சொல்லுதான்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் அன்று சாயங்காலமே நான் ஒரு சட்டம் போட்டேன். இனிமேல் ‘ட்ரை’ என்ற சொல் சுடிதாருக்கும் மீன் கறிக்கும் மட்டும். மனிதர்களிடம் முடியும், முடியாது — இரண்டில் ஒன்று. கடைப்பிடிக்க முடியுமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். ரொம்ப யோசித்துவிட்டு, “முடியாது” என்றார். பரவாயில்லை, நேராகச் சொன்னாரே!

வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன்.

அண்ணனுடைய நம்பர்.